இறாலுக்கு ஐஸ் இருக்கு மாத்தயா

நான் வேலை செய்கிற ஹோட்டல் ஆலங்குடாவில் இருக்கிறது. விருந்தாளிகள் குளிக்கிற தொட்டிக்குக் காலையில் குளோரின் போடுவார்கள். அந்த மணம் லோண்டரி அறைக்குள் வந்தால் நான் துவாயால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் ஓட வருகிறவர்களுக்கு அந்தக் கடல் போதாதாம், தொட்டியும் வேண்டுமாம். சரி, அது அவர்கள் பாடு. அவர்கள் துடைத்துப் போடுகிற துவாய்களைத் தோய்ப்பது என் பாடு.

போன கிழமை அந்த மணத்தோடு ஒரு பாட்டும் வந்தது. தொட்டிக்கரை ஸ்பீக்கரில் யாரோ ஒரு பழைய பைலாவுக்கு, எங்கள் கரையோரத்து ஆட்டப்பாட்டுக்கு, புது அடி போட்டு விட்டிருந்தார்கள். என் கையில் இருந்த பெட்ஷீட் பாதியில் நின்றுவிட்டது. எதிர்ப்பக்கம் அதன் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிரோஷா, கண்டக்குழியிலிருந்து வருகிற பெட்டை, "என்ன அன்ரி, தலை சுத்துதா?" என்று கேட்டாள்.

தலை சுற்றவில்லை. கால்தான் தானாக ஆடியது.

அந்த மெட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். கலியாண வீட்டிலோ பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்ஸிலோ அதற்கு நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். பெயரைச் சொன்னால் "ஓ, அதுவா" என்பீர்கள், பிறகு சிரிப்பீர்கள். அதனால் சொல்லப்போவதில்லை. எங்களுக்கு அது சிரிக்கிற பாட்டாக இருக்கவில்லை.

நாங்கள் சண்டைக் காலத்தில் வன்னியிலிருந்து படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். முகாமில் கிடுகுக் கொட்டில். பதிவு இல்லாமல் வெளியே போக முடியாது, போனால் இருட்டுவதற்கு முன் திரும்ப வேண்டும். அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த வேலை இறால் கொம்பனி. விடிய ஒரு வான் வண்டி வரும். கேற்றடியில் எல்லோரையும் நிறுத்தி, சுப்பவைசர் ராசன் விரலை நீட்டி நீட்டி ஆள் எடுப்பார். முதல் நாள் வாய் காட்டியவளுக்கு அடுத்த நாள் அந்த விரல் நீளாது. அவ்வளவுதான் சட்டம். ராசன் எங்கட ஆள்தான், எங்கட பாஷைதான். அதனால் கொஞ்சம் இரக்கம் இருக்கும் என்று என் அம்மா நம்பினா. அம்மாவுக்கு உலகம் தெரியாது.

இறால் கொம்பனி என்றால் என்ன நினைக்கிறீர்களோ தெரியாது. குளிர். அதுதான் முதலில். சீமெந்து நிலத்தில் எப்போதும் ஐஸ் தண்ணீர் ஓடும். முழங்கால் வரை றப்பர் பூட்ஸ் போட்டு, தலைக்கு வலை போட்டு, இரும்பு மேசையைச் சுற்றி நின்றபடி இறாலின் தலையைக் கிள்ளி, கோதை உரித்து, முதுகு நரம்பை இழுக்க வேண்டும். இறாலின் தலையில் ஒரு முள் இருக்கிறது. அது குத்திய இடத்தில் குளோரின் தண்ணீர் பட்டால் உயிர் போய் வரும். விரல் நுனித்தோல் உரிந்து எனக்குக் கைரேகையே இல்லாமல் போனது. அடையாள அட்டைக்கு விரல் வைக்கப் போனபோது அங்கே இருந்தவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் ஏதோ களவு செய்துவிட்டு ரேகையை அழித்துக்கொண்டு வந்தவள் மாதிரி.

உள்ளே மூன்று மேசைகள். ஒன்றில் நாங்கள், வன்னி ஆட்கள். ஒன்றில் புத்தளம், கற்பிட்டி முஸ்லிம் பெண்கள். மற்றதில் சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கப் பெண்கள். யாரும் அப்படிப் பிரித்து நிறுத்தவில்லை, நாங்களாகவே போய் அப்படி நின்றோம். அவர்கள் எங்களை "அகதி" என்பார்கள். நாங்கள் அவர்களை என்ன சொன்னோம் என்பதை இங்கே எழுத முடியாது. சாப்பாட்டுக்கும் மேசை மேசையாகத்தான் விடுவார்கள். வேலை நேரத்தில் கதைத்தால் ஏச்சு.

கதைக்காமல் இருப்பதற்காகத்தான் பாட்டு. சுவரில் ஒரு ஸ்பீக்கர். கசட் பிளேயர் வெளியே, ராசனின் மேசையில். ஒரு நாள் தமிழ் சினிமாப் பாட்டு, ஒரு நாள் சிங்களப் பாட்டு, ஒரு நாள் இஸ்லாமிய கீதம். எந்த மேசையின் பாட்டு போகிறதோ அந்த மேசைக்கு முகம் மலரும், மற்ற இரண்டும் உம்மென்று இருக்கும். "இண்டைக்கும் அவையின்ர பாட்டா?" என்று நானே பல்லைக் கடித்திருக்கிறேன். பாட்டுக்காக முறைத்துக்கொண்டே எத்தனையோ நாள் போனது. ராசன் இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று சிலர் சொல்வார்கள். அவருக்கு அவ்வளவு மூளை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பைலாவுக்கு மட்டும் மூன்று மேசையும் ஒன்று. பைலா போனால் எல்லா பூட்ஸும் அசையும். அந்த அடி இந்தக் கரையில் பிறந்தவர், வந்து சேர்ந்தவர் என்று பார்க்காது. ராசன் அதைக் கவனித்தார். பாட்டு ஓடினால் கை ஓடும் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து இறால் ஏற்றக் கூலர் லொறி வந்து நிற்கிற நாட்களில் பைலா மட்டும்தான், அதுவும் இருக்கிறதிலேயே வேகமான பைலா. எங்களுக்கு அது சந்தோசம். ஆடிக்கொண்டே உரித்துத் தள்ளினோம். எங்கள் காலை எடுத்து எங்கள் கழுத்தில் மிதிக்கிறார் என்று தெரியாத மாட்டுக்கூட்டம்.

இனி கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு இரும்புக் கதவு. யாரோ பூட்ஸுக்குள் இறால் வைத்துக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கதை வந்தது. அன்றிலிருந்து வெளியே ஆமைப்பூட்டு. திறப்பு, அந்தச் சாவி, ராசனின் இடுப்பில். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் கதவைத் தட்ட வேண்டும். அவர் பிளேன்ரீ குடித்து முடிய வந்து திறப்பார்.

முஸ்லிம் மேசையில் ஸரீனா ராத்தா என்று ஒருவர். உயரமான மனுசி, அதிகம் பேசமாட்டா. அப்போது வயிற்றில் பிள்ளை, ஆறு மாதம் இருக்கும். புருசன் மூட்டை தூக்கி இடுப்பு விழுந்து வீட்டில் கிடந்தார். அதனால் அந்த வயிற்றோடு ஐஸ் தண்ணீரில் நின்றா.

அன்று லொறி நின்றது. பைலா உச்சத்தில் போனது. குளிர் அறைப் பக்கம் ஏதோ ஒரு குழாய் வெடித்துவிட்டது. முதலில் மூத்திர நாற்றம் போல வந்தது. பிறகு கண்ணுக்குள் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டது போல. அமோனியா என்ற பெயரே எனக்குப் பிறகுதான் தெரியும். மூன்று மேசையும் கதவுக்கு ஓடியது. தட்டினோம், உதைத்தோம், கத்தினோம், இறால் போடுகிற பேசினைத் தூக்கிக் கதவில் அடித்தோம். வெளியே சத்தமில்லை. பாட்டு மட்டும் தலைக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தது.

நான் விழுந்துவிட்டேன். கதவுக்குக் கீழே ஒரு இடைவெளி, இரண்டு விரல் உயரம். அதில் மூக்கை வைத்துக்கொண்டு ஸரீனா ராத்தா குப்புறக் கிடக்க முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தா. அந்த நாள் வரை நான் அவவோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவ தலையைக் கொஞ்சம் நகர்த்தினா.

"இங்கால வா புள்ள. மூக்க இதுல வெய். ரெண்டு பேருக்கும் காத்து வரும்."

அப்படியே கன்னத்தோடு கன்னம் வைத்துக் கிடந்தோம். அவவுடைய மூச்சு என் முகத்தில் பட்டது. வெளியே மணலில் ஒரு கோழி கிளறிக்கொண்டு திரிந்தது. அந்தக் கோழி மீது எனக்கு வந்த பொறாமை இன்னும் தீரவில்லை.

கசட்டின் ஒரு பக்கம் முடிந்து 'டக்'கென்று நின்றது. அப்போதுதான் ராசன் ஓடி வந்து திறந்தார். வெளியே மண்ணில் கிடந்து இருமிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துச் சொன்னார்: "நான் நினைச்சன், நீங்கள் பாட்டுக்குத் தாளம் போடுறீங்கள் எண்டு."

இந்த ஒரு வசனத்துக்காக அந்த மனிசனை நான் செத்தாலும் மன்னிக்கமாட்டேன்.

ஸரீனா ராத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கொஞ்ச நாளில் திரும்பி வேலைக்கு வந்தா, வராமல் என்ன செய்வது. வந்து முதலில் கதவைத்தான் பார்த்தா. குழாயைத் திருத்தியிருந்தார்கள். பூட்டு அப்படியே தொங்கியது.

எங்கள் மேசையிலிருந்து இரண்டு பேர் போய் ராசனிடம் கேட்டோம். "மற்ற மேசைக்காரர் ஒண்டும் சொல்லேல்லையே, உங்களுக்கு மட்டும் என்ன?" என்றார். ஓ, அவர்களுக்குச் சரியென்றால் நாங்கள் ஏன் வாயைக் கொடுப்பான் என்று திரும்பி வந்தோம். அதோடு அவர்கள் மேல் ஒரு கோபம் வேறு. வேலையைப் பிடித்துக்கொள்ள முதலாளிக்கு வாலாட்டுகிறார்கள் என்று எங்களுக்குள் ஏசிக்கொண்டோம்.

சிங்கள மேசையில் மெர்சி அக்கா. குண்டு, குரலும் குண்டு. தகப்பன் கோயில் திருநாள்களில் போட்டிப் பைலா பாடியவராம். ஒருவர் பாட்டாலே கேள்வி கேட்க, மற்றவர் அதே மெட்டில் நின்ற நிலையில் பதில் கட்ட வேண்டும். சிலாபத்து ஆட்களுக்குத் தமிழும் வரும், அக்காவுக்கு நன்றாக வரும். ஒரு நாள் பைலா போய்க்கொண்டிருக்க, சொல்லை மாற்றிப் போட்டு, ராசனைச் சிங்களத்தில் மாத்தயா, அதாவது ஐயா, என்று விளித்து, இறாலைக் கிள்ளியபடியே தொண்டையைத் திறந்தா:

"கதவுக்கு ஏன் பூட்டு மாத்தயா
கள்ளி இங்க யாரு மாத்தயா
இறாலுக்கு ஐஸ் இருக்கு மாத்தயா
எங்களுக்குக் காத்தில்ல மாத்தயா"

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ராசன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துத் தானும் சிரித்தார். பேசினால்தானே குற்றம், பாடினால் கை ஓடும். "பாடு, பாடு" என்றார். மெர்சி அக்கா விடவில்லை. அடுத்த அடியில், நாங்களும் கேட்டோம், மற்ற மேசைகளுக்குச் சரியாம் என்று சொன்னாயே மாத்தயா என்று கட்டினா.

என் கை நின்றது. எங்களுக்குச் சொன்ன அதே கதையை அவர்களுக்கும் சொல்லியிருக்கிறான். எங்கள் மேசையில் கொஞ்சம் பாடத் தெரிந்த பெட்டை ஒருத்தி உடனே பதில் கட்டினாள்: எங்களுக்கும் அதைத்தானே சொன்னாய் மாத்தயா. முஸ்லிம் மேசையில் யாரும் பாடவில்லை. ஆனால் ஸரீனா ராத்தா தலையை நிமிர்த்தி எங்கள் எல்லோரையும் பார்த்து, மெல்ல ஆட்டினா. அங்கேயும் அதே கதை. வெளியே இருந்து ராசன் அந்த வரிகளுக்கெல்லாம் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து பாட்டுத்தான் எங்கள் தபால். நானும் பாடினேன். என் குரல் ஐஸ் மெஷின் கல்லை அரைப்பது மாதிரி. "நங்கி, தங்கச்சி, நீ மெதுவாப் பாடு, இறால் பயப்படும்" என்று மெர்சி அக்கா நக்கலடிப்பா.

உள்ளே போகும்போது குளோரின் தொட்டியில் பூட்ஸைத் தோய்க்க வேண்டும். மூன்று மேசையும் கலக்கிற ஒரே இடம் அது. அங்கே ஒரு காலை, குனிந்து பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு மெர்சி அக்கா கேட்டா, "இவன் பாட்டை வேகமாப் போட்டா நாங்க வேகமா உரிக்கிறம், நே? நாங்க பாட்டை மெல்லப் பாடினா?"

"ஆள் ஆளுக்கு இழுப்பினம். ஒருதரும் சேந்து பாடமாட்டினம்" என்றேன் நான். எனக்கு எப்போதும் நல்லதே வாயில் வராது.

ஸரீனா ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தா. "நான் பாடமாட்டன். ஆம்புளைகள் கேக்குற எடத்துல பாடுறது எங்கட்ட இல்ல. ஆனா கால் இரிக்கி."

உள்ளே மேசையடியில் அவ நிற்கிற இடத்துக்குக் கீழே கழிவுத் தண்ணீர்க் கான் ஓடியது. கானுக்கு மேல் இரும்புக் கம்பி மூடி. உள்ளே போனதும் பூட்ஸ் குதியால் அதில் ஒன்று போட்டா. 'டங்'. மண்டபத்தின் மறுகோடி மேசையின் இரும்புக் காலிலும் அது வந்து நடுங்கியது.

அடுத்த லொறி வந்த நாள். ராசன் வேகமான கசட்டைப் போட்டார். மெர்சி அக்கா எங்கள் பாட்டை எடுத்தா, ஆனால் மெல்ல. சவத்தோடு போகிற பாண்ட் வாத்தியம் மாதிரி அவ்வளவு மெல்ல. ஸ்பீக்கர் ஒரு பக்கம் துள்ளியது, எங்கள் வாய் ஒரு பக்கம் இழுத்தது. முதலில் குழம்பினோம். என் கை ஸ்பீக்கரோடு ஓடியது, வாய் எங்களோடு நின்றது. அப்போது மேசைக்குக் கீழே 'டங்'. கொஞ்சம் பொறுத்து, 'டங்'. அதைப் பிடித்துக்கொண்டோம். ஒரு 'டங்'குக்கு ஒரு தலை. அடுத்த 'டங்'குக்குக் கோது.

ராசன் சத்தத்தைக் கூட்டினார். நாங்களும் கூட்டினோம். இன்னும் கூட்டினார், ஸ்பீக்கர் கரகரத்துத் தொண்டை அடைத்துப் போனது. அதற்குப் பிறகு எங்கள் குரல் மட்டும்தான். உள்ளே வந்து மேசை மேசையாக நடந்தார். யாரும் வேலையை நிறுத்தவில்லை, யாரும் அவருக்கு எதிராகப் பேசவில்லை, எல்லோரும் உரித்துக்கொண்டுதான் நின்றோம்.

"ஆரடி இதைத் துவக்கினது?"

இறாலுக்கு ஐஸ் இருக்கு மாத்தயா.

"நிப்பாட்டுங்கோடி! லொறி நிக்குது, கண் தெரியேல்லையா?"

எங்களுக்குக் காத்தில்ல மாத்தயா.

ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். எல்லா வாயும் அசைந்தது. யாரை நிறுத்துவது? ஸரீனா ராத்தாவின் வாய் மட்டும் மூடியிருந்தது. "இந்தா, இந்த மனுசியைப் பாத்துப் படியுங்கோ" என்று அவவைக் காட்டி எங்களை ஏசினார். அவ குனிந்த தலை நிமிராமல் உரித்தா. கீழே, 'டங்'.

பேசினில் ஐஸ் கரைந்தது. உரிக்காத இறாலின் தலை கறுக்கத் தொடங்கியது. கறுத்தால் அது வெளிநாட்டுக்குப் போகாது. லொறி டிரைவர் ஹோர்ன் அடித்தான். கடைசியில் முதலாளியின் கார் வந்தது. வெள்ளைச் சேர்ட்டோடு வாசலில் நின்று கேட்டார், கேட்டார், பாட்டு முழுவதையும் கேட்டார். பிறகு ராசனின் பக்கம் கையை நீட்டினார். திறப்பை வாங்கி, பூட்டைக் கழற்றித் தன் கார் சீற்றில் எறிந்தார். "இனிக் காவலுக்கு வொச்சர் ஒருத்தன் வாசலில நிப்பான். கதவு திறந்திருக்கும். இப்ப உரியுங்கோ."

'டங்' வேகமாக வந்தது. உரித்துத் தள்ளினோம். வாசலால் கடற்காற்று நேரே உள்ளே வந்தது. ஸரீனா ராத்தா அழுதுகொண்டு உரித்தா. நான் அழவில்லை. எனக்கு இறால் முள் குத்திவிட்டது, அதனால் கண்ணில் தண்ணீர் வந்தது.

இதைக் கேட்டுவிட்டு ஒற்றுமை, சகோதரத்துவம் என்று யாரும் என்னிடம் பெரிய கதை அளக்க வேண்டாம். அடுத்த நாளும் நாங்கள் தனித்தனி மேசையில்தான் நின்றோம், தனித்தனியாகத்தான் சாப்பிட்டோம். ஆனால் பாட்டுக்காக முறைக்கவில்லை. ஸரீனா ராத்தாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தபோது மூன்று மேசையும் சேர்ந்து சாமான் வாங்கிக் கொடுத்தோம்.

முதலாளி ராசனைப் போல மொக்கன் இல்லை. அவர் அன்று வாசலில் நின்று கேட்டது பாட்டை இல்லை, அது எப்படி வேலை செய்கிறது என்பதை. அடுத்த இறால் பருவத்தில் நாட்சம்பளம் போய்விட்டது. ஆளுக்கு ஒரு பேசின், உரித்த நிறைக்குக் கூலி. இனி மெல்லப் பாடினால் யாருக்கு நட்டம்? பாடுகிறவளுக்குத்தான். ஸரீனா ராத்தா ஒருமுறை 'டங்' போட்டுப் பார்த்தா. பக்கத்தில் நின்றவளின் கை அவவுடைய கையை முந்தி ஓடியது. என் கையும்தான் ஓடியது, வீட்டில் அரிசி இல்லை. அவ அதற்குப் பிறகு போடவில்லை. கதவு விரியத் திறந்திருந்தது, ஒன்றுக்குப் போகக்கூட ஒருத்தியும் அசையவில்லை.

பிறகு இறால் பண்ணைகளில் நோய் விழுந்தது, கொம்பனியை மூடினார்கள். கட்டடத்தின் கூரையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது உள்ளே எருக்கலை நிற்கிறது. மெர்சி அக்கா சிலாபத்தில் செத்துப்போனா. ஸரீனா ராத்தா வீட்டு வேலைக்கு வெளிநாடு போனா. அங்கே வீட்டுக்கார மேடம் வெளியே போகும்போது இவவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவாவாம். ஒருமுறை போனில் சொன்னா, "இங்க கதவுக்கு அடில ஒரு விரல் வெய்க்கவும் எடமில்ல புள்ள." பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

எங்கள் லோண்டரிக் கதவுக்கும் அப்படித்தான். மெஷின் சத்தம் விருந்தாளிகளுக்குக் கேட்கக் கூடாதென்று கதவின் கீழே றப்பர் பட்டி அடித்திருக்கிறார்கள். பூட்டு இல்லை, யாரும் பூட்டவுமில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் மனேஜர் வந்து சிரித்துக்கொண்டு சாத்திவிட்டுப் போவார். வேலை செய்கிறவர்கள் பாடக் கூடாது என்பதும் விதி.

நிரோஷா பெட்ஷீட்டை மடித்துவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு ஒரு பாட்டு. இஸ்திரிக்கை போடுகிற மற்றப் பெட்டைக்கு வேறு பாட்டு. வெளியே தொட்டிக்கரையில் எங்கள் பைலா வேகமாக ஓடியது, அதன் தலையும் வாலும் தெரியாதவர்கள் அதற்கு ஆடினார்கள். மெஷினுக்குக் கீழே தண்ணீர் போகிற கானுக்கும் ஒரு கம்பி மூடி இருக்கிறது. நான் குதியால் அதில் ஒன்று போட்டேன். றப்பர் செருப்பு, சத்தமே வரவில்லை.

குளோரின் மணம் ஏறிக்கொண்டு வந்தது.

"கதவைத் திற பிள்ள, காத்து வரட்டும்" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, தன் பாட்டுக்கு, வேகமாக மடித்துக்கொண்டிருந்தாள்.